ரிலீஸுக்கு முன்பே கடையில் ப்ராசஸர்: திருட்டா, போலியா, அரைவேக்காடா?

கணினியின் மூளையான ப்ராசஸர் சிப் புதிதாக ஒன்று விற்பனைக்கு வரப்போகிறது என்றால், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எங்கிருந்தோ ஒரு படம் கிளம்பிவிடும். மேசைமேல் பெட்டி, பக்கத்தில் பில். வாட்ஸ்அப் குழுவில் அதைப் பார்த்ததும் மூன்று கருத்துகள் தவறாமல் வரும். 'குடோனிலிருந்து சுட்டிருப்பான்' என்பார் ஒருவர். 'டூப்ளிகேட்' என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர். 'அது டெஸ்டிங் பீஸ், ஃபைனல் பீஸ் கிடையாது' என்பார். புதுச்சேரியில் சொந்தமாக பிசி அசெம்பிள் செய்யும் கல்லூரிப் பையன்களிலிருந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் வரை இந்த மூன்றில் ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் மூன்றுமே தவறு. சீல் பிரிக்காத பெட்டியில் முன்கூட்டியே கைமாறும் சிப், ரிலீஸ் அன்று எல்லாரும் வாங்கப்போகிற அதே சரக்குதான். ஆனால் அதை ஓட்டுவதற்குத் தேவையான மற்ற விஷயங்கள் அன்றைக்குத் தயாராக இருக்குமா என்பது வேறு கேள்வி. குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருகிறது.

தேதிக்கு முன்பே பெட்டி எப்படி வந்து சேர்கிறது?

பிளஸ் டூ தேர்வு வினாத்தாளை யாரும் தேர்வன்று காலையில் அச்சடிப்பதில்லை. முன்பே அச்சாகி, கட்டுக்கட்டாக மாவட்டத்துக்கு வந்து, கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவலோடு கிடக்கும். கடலூர் டவுனில் எழுதுகிற பிள்ளையும் காட்டுமன்னார்கோவிலில் எழுதுகிற பிள்ளையும் ஒரே நேரத்தில் கட்டைப் பிரிக்க வேண்டும் என்றால், இரண்டு இடத்திலும் கட்டு முன்னதாகவே இருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

ப்ராசஸரும் அப்படித்தான். சிலிக்கன் தட்டில் வேலை தொடங்கி சிப்பாக வெளியே வருவதற்கே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதன்பின் மலேசியா, வியட்நாம், சீனா போன்ற இடங்களில் உள்ள ஆலைகளில் உறை பொருத்தி, சோதித்து, பெட்டியில் போட வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு நாட்டு இறக்குமதியாளருக்கும், அவர்களிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், பிறகு கடைக்கும் போக வேண்டும். ரிலீஸ் அன்று காலையில் உலகம் முழுக்கக் கடைகளில் சரக்கு இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே அது குடோன்களில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வினாத்தாளுக்குப் பூட்டும் போலீஸும் உண்டு. ப்ராசஸருக்கு அது இல்லை. கடைக்காரர் போட்ட கையெழுத்து ஒன்றுதான் காவல். வினாத்தாளை வெளியே விட்டால் வழக்கு, கைது. ப்ராசஸரை முன்கூட்டி விற்றால் ஒப்பந்த மீறல், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்தில் வாங்குகிறவர் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவரை யாரும் கேட்க முடியாது.

மூன்று தேதி, மூன்று வேலை

'லான்ச்' என்று எல்லாரும் பொதுவாகச் சொல்கிற நாளுக்குள் மூன்று தேதிகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது அறிவிப்பு நாள். நிறுவனம் மேடையேறி பெயர், வேகம், விலை எல்லாம் சொல்லும். இரண்டாவது எம்பார்கோ முடியும் நாள். எம்பார்கோ என்றால், முன்கூட்டியே சிப்பை வாங்கிச் சோதித்த விமர்சகர்கள் தங்கள் முடிவை வெளியிடாமல் காத்திருக்க ஒப்புக்கொண்ட கெடு. அதற்காக அவர்கள் என்டிஏ என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மூன்றாவது ஸ்ட்ரீட் டேட். கடைக்காரர் வாடிக்கையாளர் கையில் பெட்டியைக் கொடுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட முதல் நாள்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 31 அறிவிப்பு, நவம்பர் 6 விமர்சனங்கள், நவம்பர் 7 விற்பனை. ஒரே வாரத்துக்குள் மூன்றும் முடிந்தன. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசஸர்களுக்கு 2021 மார்ச் 16 அறிவிப்பு, மார்ச் 30 விற்பனை. இடையில் இரண்டு வாரம்.

கடைக்காரர் மீறுவது மூன்றாவது தேதியை. ஆனால் அதை மீறினால் இரண்டாவதும் தானாகவே உடைந்துவிடும். ஏன் என்பதற்கு அந்த 11ஆம் தலைமுறையே நல்ல சாட்சி.

2021இல் ஜெர்மனியில் நடந்தது

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் ஜெர்மனியின் மைண்ட்ஃபேக்டரி என்ற பெரிய ஆன்லைன் கடை, கோர் ஐ7-11700கே ப்ராசஸரைச் சாதாரணமாக விற்க ஆரம்பித்துவிட்டது. ஸ்ட்ரீட் டேட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அறிவிப்பே வரவில்லை. ஆனந்த்டெக் என்ற தொழில்நுட்ப இதழ் அதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, மார்ச் 5ஆம் தேதியே முழு விமர்சனத்தை வெளியிட்டது.

இன்டெல்லால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தம், நிறுவனம் கொடுத்த சிப்பைத்தான் கட்டுப்படுத்தும். கடையில் பில் போட்டு வாங்கிய சிப்பை அல்ல. விமர்சனமும் இனிப்பாக இல்லை. 125 வாட் என்று குறிக்கப்பட்ட சிப், கடுமையான ஒரு சோதனையில் 290 வாட் வரை போனதைக் காட்டியது. விளையாட்டுகளில் முந்தைய தலைமுறையைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை என்றும் சொன்னது.

உடனே எதிர்வாதம் எழுந்தது. ப்ராசஸரும் ரேமும் உட்காரும் பெரிய பலகையான மதர்போர்டில் அன்றைக்கு இருந்த மென்பொருளை வைத்துச் சோதித்தது நியாயமா? ரிலீஸுக்குள் அது இன்னும் மேம்படுமே? கேள்வி சரியானதுதான். எனக்கென்னவோ, காசு கொடுத்து வாங்கியவர் கையில் அன்று என்ன கிடைத்ததோ அதைச் சோதிப்பதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. இதழும் எந்த மென்பொருளில் சோதித்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த எதிர்வாதத்துக்குள்தான் இந்த விஷயத்தின் மையம் இருக்கிறது. ஒரே சிப், வேறு மென்பொருள் என்றால் எப்படி வேறு மாதிரி நடந்துகொள்ளும்? அதற்குள் போகும் முன் கடைக்காரர் பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

கடைக்காரர் ஏன் அவசரப்படுகிறார்?

பல நேரம் அது சதித்திட்டம் எல்லாம் இல்லை. குடோனில் பெட்டியை ஸ்கேன் செய்ததும் கணினி அதை 'கையிருப்பு' என்று காட்டும். இணையதளம் அதை அப்படியே விற்பனைக்குப் போட்டுவிடும். தேதிப் பூட்டுப் போட வேண்டியவர் மறந்திருப்பார். சில நேரம் தெரிந்தே செய்வார்கள். போட்ட பணம் குடோனில் தூங்குகிறது, பக்கத்துக் கடைக்காரனிடமும் இதே சரக்கு இருக்கிறது, முதலில் விற்றால் நாலு பேர் நம் கடைப் பெயரைச் சொல்வார்கள்.

தண்டனை என்று பார்த்தால், அடுத்த ரிலீஸில் முதல் நாள் சரக்கு கிடைக்காமல் போகலாம், ஒதுக்கீடு குறையலாம். சின்னக் கடைக்கு இது பெரிய அடி. எப்படியும் தன்னை ஒதுக்க முடியாது என்று தெரிந்த பெரிய கடைக்கு அவ்வளவு பயம் இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சரக்கு தேதிக்கு முன்பே வருவது இயல்பு. அதைத் தடுத்து நிறுத்துவது பூட்டு அல்ல, ஒப்பந்தம். மீறியவர் கடைக்காரர், வாங்கியவர் அல்ல. சிப் அசல்தான். இனி, வாங்கியவருக்கு என்ன பிரச்சினை என்று பார்க்கலாம்.

பயாஸும் மைக்ரோகோடும்

கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் ஓடி வருவதில்லை. முதலில் எழுவது பயாஸ். மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன நினைவகச் சிப்பில் எழுதி வைத்த மென்பொருள் அது. ப்ராசஸர் எது, ரேம் எவ்வளவு, எதற்கு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் எழுப்பிவிட்டுத்தான் விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பயாஸுக்குத் தெரியாத ப்ராசஸரைப் பொருத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு 'ப்ராசஸர் டெட்' என்று முடிவு கட்டுவார்கள். சிப் நன்றாகத்தான் இருக்கும்.

மைக்ரோகோடு என்பது இன்னும் ஒரு படி உள்ளே. ப்ராசஸர் தனக்கு வரும் சிக்கலான கட்டளைகளைச் சின்னச் சின்ன உள்வேலைகளாக உடைத்துத்தான் செய்யும். எப்படி உடைப்பது, எந்தச் சூழலில் எவ்வளவு மின்னழுத்தம் கேட்பது என்பதையெல்லாம் சொல்லும் உள் கட்டளைத் தொகுப்புதான் மைக்ரோகோடு. அதன் அசல் வடிவம் ஆலையிலேயே சிப்புக்குள் பதிந்துவிடுகிறது, அழிக்க முடியாது. ஆனால் அதன்மேல் ஒட்டுப் போட ஓர் இடம் விட்டு வைத்திருப்பார்கள். மின்சாரம் நின்றால் அந்த ஒட்டு மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை கணினியை எழுப்பும்போதும் பயாஸோ, பிறகு விண்டோஸோ லினக்ஸோ, அதைப் புதிதாக ஏற்ற வேண்டும்.

ஒட்டுப் போடும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1994இல் இன்டெல்லின் பென்டியம் ப்ராசஸர் சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவது தெரியவந்தது. சிப்பைத் திருத்த வழியே இல்லை. கேட்டவர்களுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த விவகாரத்துக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அடுத்த ஆண்டு வந்த பென்டியம் ப்ரோவில் மைக்ரோகோடுக்கு ஒட்டுப் போடும் வசதி வந்துவிட்டது. இன்று எந்தப் புது ப்ராசஸரும் முதல் நாளிலிருந்தே ஒட்டுகளோடுதான் வாழ்கிறது.

அதுவும் சின்ன விஷயமில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசஸர்கள் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி நாளடைவில் பழுதாயின. 2024இல் மைக்ரோகோடு திருத்தம் மூலம் அதைக் கட்டுப்படுத்தினார்கள். ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தவில்லை, எனவே வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். தவறான மென்பொருளோடு ஓடினால் சிப்புக்கே கேடு வரலாம் என்பதற்கு இது உதாரணம். விற்பனைக்கு வந்து பல மாதம் ஆன சரக்கிலேயே இந்தக் கதை என்றால், ரிலீஸுக்கு முந்தைய வாரத்து பயாஸை எவ்வளவு நம்புவது?

அந்தக் கடைசி வாரங்களில்தான் மதர்போர்டு நிறுவனங்கள் மும்முரமாக இருக்கும். ப்ராசஸர் நிறுவனம் திருத்தம் அனுப்பும், ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போன்றவர்கள் தங்கள் ஒவ்வொரு போர்டுக்கும் அதைப் பொருத்திச் சோதித்து வெளியிடுவார்கள். ஸ்ட்ரீட் டேட் என்பது இந்த எல்லாருக்கும் பொதுவான கெடு. இதில் விளம்பரக் கணக்கும் பாதி இருக்கிறது, அதை மறைப்பானேன். ஆனால் மீதிப் பாதி உண்மையான வேலை.

போர்டே இல்லாவிட்டால்?

2021 அக்டோபரில், கோர் ஐ9-12900கே வெளிவருவதற்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் இரண்டு வாங்கிப் படம் போட்டார். ஒன்று 610 டாலர். அந்தத் தலைமுறை எல்ஜிஏ 1700 என்ற புது சாக்கெட்டில் வந்தது. சாக்கெட் என்றால் ப்ராசஸர் உட்காரும் இருக்கை. அதற்கான போர்டுகள் நவம்பர் 4ஆம் தேதிதான் விற்பனைக்கு வந்தன. அதுவரை அந்த இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழைய சாக்கெட்டிலேயே புது சிப் வந்தாலும் நிம்மதி கிடையாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையும் அதில்தான் உட்காரும். ஆனால் 2022இல் பெட்டியில் போட்டு, அன்றிலிருந்து கடை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் போர்டுக்கு ரைசன் 9000 யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்க, கணினி ஓட வேண்டும். ஓட, பழைய ப்ராசஸர் வேண்டும். 2018இல் இதே சிக்கலில் மாட்டியவர்களுக்கு, பயாஸ் புதுப்பிப்பதற்கென்றே ஏஎம்டி ஒரு பழைய ப்ராசஸரை இரவல் கொடுத்தது, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பச் சொல்லி. இப்போது பல போர்டுகளில் இதற்குப் பின்பக்கம் ஒரு பட்டன் உண்டு. குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி அழுத்தினால், ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏறிவிடும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது இருக்காது.

தேதியே தள்ளிப்போனால்?

ரைசன் 9000 வரிசைக்கு முதலில் குறித்த நாள் 2024 ஜூலை 31. அதற்கு ஒரு வாரம் இருக்கையில் ஏஎம்டி தள்ளி வைத்தது. கடைகளுக்கும் கூட்டாளிகளுக்கும் போய்ச் சேர்ந்த முதல் சரக்கு எதிர்பார்த்த தரத்தில் இல்லை, மாற்றித் தருகிறோம் என்றது. 9600எக்ஸும் 9700எக்ஸும் ஆகஸ்ட் 8க்கும், 9900எக்ஸும் 9950எக்ஸும் ஆகஸ்ட் 15க்கும் போயின. அந்த முதல் சரக்கில் ஒன்றை யாராவது கடைக்காரர் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டிருந்தால், குடோனிலிருந்து திரும்பப் போன பெட்டிகளோடு அது போயிருக்காது. வாங்கியவர் வீட்டிலேயே இருந்திருக்கும். ஸ்ட்ரீட் டேட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது தாண்டாதவரை சரக்கைத் திரும்ப அழைப்பது எளிது.

டெஸ்டிங் பீஸ் என்பது வேறு

வாட்ஸ்அப் குழுவின் மூன்றாமவர் சொன்ன பொருளும் சந்தையில் உண்டு. இன்ஜினியரிங் சாம்பிள் என்பார்கள். வடிவமைப்பு முடியும் முன், போர்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் சோதிக்கக் கொடுத்த சிப். வேகம் குறைவாக இருக்கலாம், சில வசதிகள் வேலை செய்யாமல் போகலாம். இன்டெல் சாம்பிள்களின் உலோக மூடியில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருக்கும். அவை நிறுவனம் இரவல் கொடுத்தவை. விற்பதற்கு உரியவை அல்ல, வாரண்டியும் கிடையாது. இவை பெட்டியில் வராது. எனவே பளபளப்பான பெட்டியோடு வந்ததை டெஸ்டிங் பீஸ் என்று சொல்வது பொருந்தாது; பெட்டியில்லாமல் மலிவாக வந்ததை 'முன்கூட்டியே கிடைத்த புது சிப்' என்று வாங்குவதும் ஆபத்து.

ட்ரே பீஸ் மூன்றாவது ரகம். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகத் தட்டில் போகும் அசல் சிப், வழிமாறிக் கடைக்கு வந்தது. பெட்டியாக வாங்கினால் இன்டெல்லும் ஏஎம்டியும் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி தருகின்றன. ட்ரே பீஸுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி.

நம்ம ஊர்க் கடையில்

கடலூர், புதுச்சேரிக் கடைகளுக்குச் சரக்கு பெரும்பாலும் சென்னை வழியாகத்தான் வருகிறது. அதனால் ரிலீஸுக்கு முன்பே இங்கே பெட்டி தட்டுப்படுவது அபூர்வம். ஆனாலும் பாண்டியில் ஒரு கடையில் இந்தப் பேச்சைக் கேட்டேன்.

"தம்பி, பீஸ் வந்துடுச்சு. ஆனா பில்லு அடுத்த வாரம்தான் போட முடியும்."

"பரவால்லண்ணே, இப்பவே குடுங்க."

"குடுக்குறேன். உன் போர்டுக்கு பயாஸ் வந்துடுச்சான்னு பாத்தியா?"

பையன் போனை எடுத்து, போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு எந்தெந்த ப்ராசஸர் பொருந்தும் என்ற பட்டியலைத் திறந்தான். மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேய்த்தான். பெயர் இல்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். விற்றிருக்கலாம், ஆனால் மறுநாள் 'டிஸ்ப்ளே வரலண்ணே' என்று அவன்தான் வந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பட்டியலைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அடுத்தது பில். 'அடுத்த வாரம் தருகிறேன்' என்றால், அதுவரை உங்கள் கையில் எந்த ஆதாரமும் இல்லை. வரிசை எண்ணோடு ஜிஎஸ்டி பில் தராதவரை பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்குச் சட்டப்படி அது கட்டாயம். அது இல்லாத பெட்டி வேறு நாட்டுக்குப் போக வேண்டியதாக இருக்கலாம். பழுதானால் இங்கே யாரிடம் போய் நிற்பது?

அப்புறம் விலை. ரிலீஸுக்கு முன் சொல்லும் விலை பெரும்பாலும் கடைக்காரரின் ஊகம். டாலர் விலையை அப்படியே பெருக்கிப் பார்த்துவிட்டு 'கொள்ளையடிக்கிறார்கள்' என்று கோபப்படுவதும் சரியல்ல. 9800எக்ஸ்3டியின் அறிவிப்பு விலை 479 டாலர். டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் 40,236 ரூபாய். அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலே 47,478 ரூபாய் ஆகிவிடும். போக்குவரத்தும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேல். பெட்ரோலுக்குக் கடலூர்க்காரர்கள் பாண்டி எல்லையைத் தாண்டுவதில் அர்த்தம் உண்டு, ப்ராசஸருக்கு இல்லை. 2017 ஜூலைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி.

முன்கூட்டியே கிடைத்தால் வாங்கவே கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். 9800எக்ஸ்3டி மாதிரி சில சிப்புகள் ரிலீஸ் ஆனதும் தீர்ந்துபோய், பல வாரம் சரியான விலைக்குக் கிடைக்காமல் இருந்ததுண்டு. பெட்டி சீலோடு இருக்கிறது, இறக்குமதி ஸ்டிக்கர் இருக்கிறது, அன்றைய தேதியிலேயே பில் தருகிறார், உங்கள் போர்டின் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் ப்ராசஸரைப் பொருத்தும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். ரிலீஸ் ஆன பிறகு அடுத்த சில வாரங்களுக்கு, புது பயாஸ் வந்திருக்கிறதா என்று போர்டு நிறுவனத்தின் தளத்தை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். அந்தச் சமயத்தில் ஒன்றுக்கு மேல் வருவது சகஜம்.